சரக்குக் கணக்கையும் கூலிக் கணக்கையும் கலக்காதீர்கள்

வாடகை வீட்டு ரிப்பேர் வேலையில் சரக்கு விலையை எப்படிப் பேசி முடிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர் தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் ஹை ரோடு பக்கம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஹார்டுவேர், பெயிண்ட் கடையின் கல்லாவில் உட்கார்ந்தவர்.

கேள்வி: அக்கா, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன மாடி வீடு. மேலே நாங்கள், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். வாடகை 9,500. என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி, கீழே சமையலறையிலும் (10க்கு 9 அடி) பாத்ரூமிலும் (6க்கு 5 அடி) சீலிங் காரை பெயர்ந்து விழுகிறது. தெரிந்த மேஸ்திரி ஒருவர், "சரக்கோட சேர்த்து 85,000, கண்ண மூடிக்கிட்டு விடுங்க" என்றார். 50,000 வாங்கிவிட்டார். சீலிங்கை உடைத்த பிறகு, கம்பி இற்றுப்போயிருக்கிறது, சிமெண்டுக்கு வரி ஏறிவிட்டது, இன்னும் 22,000 வேண்டும் என்கிறார். கணக்குக் கேட்டால் "என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று கோபம். வாயால் சொன்ன பட்டியல்: சிமெண்ட் 14 மூட்டை, மணல் அரை யூனிட், கம்பி 50 கிலோ. ஒரு கொத்தனாருக்கு 1,200, சித்தாள் இரண்டு பேருக்குத் தலா 800, பத்து நாள் வேலையாம். கீழ்வீட்டுக்காரர்கள் வராண்டாவில் சமைக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் கீழ்வீட்டுப் பிள்ளைகளை அந்தச் சமையலறைக்குள் விடாதீர்கள். கம்பி தெரிகிற சீலிங்குக்குக் கீழே முட்டு கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் கொடுக்கச் சொல்லுங்கள். பணப் பேச்சு அதற்கு அப்புறம்.

பாதி வேலையில் மேஸ்திரியை மாற்றுவது நல்லதில்லை. புதிதாக வருகிறவர் முதல் ஆள் செய்ததையெல்லாம் தப்பு என்று சொல்லி இன்னொரு முறை உடைப்பார். அதனால் இவரையே உட்காரவைத்துப் பேசுங்கள். நம்பிக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம். "இதுவரை என்ன வாங்கினீங்க, இனிமே என்ன வாங்கணும், இன்னும் எத்தனை நாள் ஆள் வேணும்" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்கி, அவர் சொல்லச் சொல்ல அவர் கண் எதிரிலேயே எழுதுங்கள்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். கூலி ஒரு நாளைக்கு 1,200-ம் 1,600-ம் சேர்ந்து 2,800. பத்து நாளைக்கு 28,000. அப்படியானால் 85,000-த்தில் 57,000 சரக்கும் மேஸ்திரியின் மேற்பார்வையும். மேற்பார்வைக்கு அவர் பணம் வாங்குவது நியாயம்தான். ஆனால் அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சிமெண்டுக்கு வருகிறேன். இரண்டு சீலிங்கும் சேர்த்து 120 சதுர அடி. உடைத்த இடங்களில் சராசரியாக ஒரு அங்குலக் கனத்துக்கு நிரப்புகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூசின கலவை 10 கன அடி. உலர்ந்த சரக்காக அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும், அதாவது 13 கன அடி சொச்சம். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை என்றால் சிமெண்ட் மூன்றேகால் கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. ஆக, மூன்று மூட்டைக்குள் முடிகிறது. மேலே உங்கள் பாத்ரூம் தரையை உடைத்து இரண்டு அங்குலத்துக்கு மட்டம் போட்டு டைல்ஸ் ஒட்டினாலும் இன்னும் ஒன்று, ஒன்றரை மூட்டை. சிந்தினது, சுவர் ஓரம் பூசினது எல்லாம் சேர்த்து ஆறு என்று வையுங்கள். 14 மூட்டை எங்கே போகிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். மணலும் அப்படித்தான். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அரை யூனிட்டுக்கு 50. உங்கள் வேலைக்கு 20-ஐத் தாண்டாது.

கம்பி விஷயத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 10 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் 0.617 கிலோ. 50 கிலோ என்றால் 80 மீட்டர். இற்றுப்போன இடத்தில் துண்டு வைத்துக் கட்டுவதற்கு அவ்வளவு கம்பி வேண்டியதில்லை. ஒரு சமையலறை அளவுக்குப் புதிய தளம் போடுகிற கணக்குக்குக் கிட்டத்தில் அது வருகிறது. மேஸ்திரி கூடச் சொல்லியிருக்கலாம். அல்லது அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். உண்மை என்றால் இது காரை பூசி மூடுகிற வேலையே இல்லை. ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்து, தளம் தாங்குமா என்று சொல்லாமல் ஒரு கரண்டி கலவைகூட வைக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கிற ஃபீஸ் வீண் செலவு ஆகாது. நம் பக்கம் கடல் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் தின்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதுதான் காரையைக் கீழே தள்ளுகிறது. துருவைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, அதற்குரிய கெமிக்கல் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். வெறும் சிமெண்டை அப்பினால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடியும் தரையில் கிடக்கும்.

அந்தக் கெமிக்கல் டப்பாதான் சிமெண்டைவிடக் காசு பிடிக்கிற சரக்கு. மேஸ்திரியின் பட்டியலில் அது இல்லவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என்ன கம்பெனி, எத்தனை லிட்டர், எங்கே அடிக்கப்போகிறார் என்று கேளுங்கள். டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

கலவைக்கு ஊற்றுகிற தண்ணீரையும் கேளுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கலவை குழைக்கக் கூடாது. கம்பியைக் காப்பாற்றப் பூசுகிற கலவையிலேயே உப்பைச் சேர்த்தது போல் ஆகிவிடும். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வேண்டும். அதை வாங்கவேண்டி வந்தால் அந்தக் காசும் சரக்குக் கணக்கில் வரட்டும்.

சிமெண்டுக்கு வரி ஏறிவிட்டது என்கிறாரே, அது நடக்கவில்லை. 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்திருக்கிறது. கம்பெனி விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அது வேறு. ஏறியிருந்தால் கடை பில்லைக் காட்டட்டும். ஏறின வித்தியாசத்தை மட்டும் கொடுங்கள்.

இந்த இடத்தை அழுத்திச் சொல்கிறேன். விலை ஏறுவது ஒன்று, அளவு ஏறுவது வேறொன்று. விலை ஏறினால் பில் போதும். அளவு ஏறினால் வாங்குவதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் "செலவு ஏறிடுச்சு" என்று சொல்லும்போதுதான் 22,000 வருகிறது.

மேஸ்திரி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். உடைத்துப் பார்க்காமல் பழைய சீலிங்குக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த மாதிரி வேலையை முதலிலேயே ஒட்டுமொத்தமாகப் பேசுவது உங்கள் இருவருக்குமே ஆபத்து. உடைக்கிற வேலைக்கு மட்டும் கூலி பேசுங்கள். உடைத்து, எல்லோரும் பார்த்து, அளந்த பிறகு மீதி வேலைக்கு விலை சொல்லட்டும். அப்படிப் பேசினால் நல்ல மேஸ்திரி சந்தோஷப்படுவார்.

பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிறவை இரண்டு. ஒன்று, ஏற்று இறக்கு கூலி. உங்கள் தெருவுக்குள் லாரி வராது. குட்டி யானை வண்டிகூட முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து மணலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து மாடிக்கு ஏற்ற வேண்டும். அது சரக்கு விலையில் அடக்கமா, தனியா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, உடைத்த காரையை அள்ளுவது. கால்வாய் ஓரத்தில் கொட்டிவிட்டு வருகிறேன் என்பார்கள், விடாதீர்கள். மாநகராட்சிக்குக் கொடுங்கையூரில் கட்டட இடிபாடுகளைத் தரம் பிரித்து அரைக்கிற நிலையம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர வண்டி வாடகை ஆகும். யார் கொடுப்பது என்று எழுதுங்கள்.

இனிமேல் சரக்குக் காசைக் கடைக்கு நேராக ஜிபே பண்ணுங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். கூலியைச் சனிக்கிழமை சனிக்கிழமை மேஸ்திரி கையில் கொடுங்கள். அவருடைய மேற்பார்வைப் பணத்தில் ஒரு பங்கைக் கடைசியில் கொடுக்க நிறுத்தி வையுங்கள். மேலே பாத்ரூம் முடிந்ததும் தண்ணீர் போகிற வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். கீழே ஈரம் இல்லையென்றால் மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல்.

கேள்வி: நான் ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். ஓனர் வெளியூரில் இருக்கிறார். பழைய தண்ணீர் லைன் உடைந்தபோது "நீங்களே பார்த்துட்டு வாடகையில கழிச்சுக்குங்க சார்" என்று போனில் சொன்னார். பிளம்பர் பைப்பு, டேப்பு, கூலி எல்லாம் சேர்த்து 18,400 வாங்கினார். இப்போது ஓனர், "பைப்புக்கு இவ்வளவா? 10,000 கழிச்சுக்குங்க, மீதியை அனுப்புங்க" என்கிறார். பில்லும் துண்டுச் சீட்டுதான்.
– வாசகர், ராயபுரம்

பதில்: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் (அது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்) இரண்டாம் அட்டவணையில் எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, பைப் லைன் மாற்றுவது வீட்டுக்காரர் செலவு. டேப்பும் அதன் வாஷரும் குடியிருப்பவர் செலவு. ஓனர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே முதலில் பில்லை இரண்டாகப் பிரியுங்கள். புதிய டேப்புக்கு ஆன காசை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு மீதியைப் பேசும்போது அவர் குரல் இறங்கும்.

பிளம்பரைக் கூப்பிட்டு எத்தனை அடி பைப்பு, எந்த அளவு, பிளாஸ்டிக்கில் சி.பி.வி.சி. ரகமா யு.பி.வி.சி. ரகமா, எத்தனை எல்போ (வளைவுத் துண்டு), எத்தனை டீ (மூன்று வாய்த் துண்டு) என்று எழுதி வாங்குங்கள். பிளம்பிங்கில் பைப்பைவிட இந்தச் சில்லறைச் சாமான்தான் காசைத் தின்னும். சுவரை ஒட்டி நாலு திருப்பம் திரும்பினால் எல்போ விலை பைப்பு விலையைத் தாண்டிவிடும். அது தெரியாததால்தான் ஓனர் "இவ்வளவா" என்கிறார். லைன் போகிற வழியை வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதே பட்டியலை பாரிமுனையில் செம்புதாஸ் தெருவில் ஒரு கடையிலும், உங்கள் தெருமுனைக் கடையிலும் விலை கேட்டு அவருக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் பிளம்பர் போட்ட விலை இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

கழற்றிய பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் பித்தளை டேப்பும் எங்கே? அவை ஓனருடைய பொருள். பிளம்பர் காயலாங்கடையில் போட்டிருந்தால் அந்தக் காசைக் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் இரும்பும் பித்தளையும், லேசாக விடக் கூடாது.

அடுத்த முறை வேலைக்கு முன்னால், "இந்த வேலை, இந்தச் சரக்கு, ஏறக்குறைய இவ்வளவு ஆகும், வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் 'சரி' போட்ட பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கொளத்தூரில் 600 சதுர அடி வீடு. குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். பெயிண்டர் 20 லிட்டர் பக்கெட் மூன்று, பட்டி (சுவரை மட்டமாக்கப் பூசுகிற மாவு) 40 கிலோ மூட்டை ஆறு வேண்டும் என்கிறார். நான் வாங்கித் தருகிறேன் என்றால், "எந்தக் கடைன்னு நான் சொல்றேன்" என்கிறார். இது சரியா அம்மா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: சுவரும் சீலிங்கும் சேர்த்தால், வீட்டின் தரை அளவைப் போல மூன்று, மூன்றரை மடங்கு வரும். உங்களுக்கு 2,100 சதுர அடி என்று வைப்போம். ஓரளவு நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி போகும். ஆக 30 முதல் 35 லிட்டர். சீலிங் வெள்ளைக்கு 10 லிட்டர், சுவருக்கு ஒரு 20, ஒரு 4. மூன்று பக்கெட் 60 லிட்டர், அது தேவையில்லை. இருட்டு நிறத்துக்கு மேல் வெளிர் நிறம் அடிக்கிறீர்கள் என்றால் மட்டும் மூன்றாவது கோட்டுக்குக் கொஞ்சம் கூட வேண்டும்.

பட்டி ஒரு மூட்டை, இரண்டு கோட்டுக்கு 400 முதல் 500 சதுர அடி வரும். ஆறு மூட்டை என்றால் வீடு முழுக்கப் பட்டி பார்க்கப்போகிறார். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த நல்ல சுவருக்கு அது எதற்கு? ஆணி அடித்த ஓட்டை, பொரிந்த இடம், ஜன்னல் ஓரம், இதற்கெல்லாம் ஒரு மூட்டையே மிஞ்சும். பொரிந்த இடத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பட்டி பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

கடையை அவர் சொல்கிறார் என்பதற்குக் காரணம் உண்டு. பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்காகக் கம்பெனியே டோக்கன் வைக்கிறது. அது ஒளிவுமறைவு இல்லாத வழக்கம், அது அவருக்கே போகட்டும். சில கடைகளில் அதற்கு மேல் ஆளைக் கூட்டி வந்ததற்குக் கமிஷன் இருக்கும். சில இடங்களில் பில் விலை ஒன்று, வாங்கின விலை ஒன்று. இரண்டு பில் போட மாட்டோம் என்று நாங்கள் சொன்னதால் எங்கள் கடையை விட்டுப் போன மேஸ்திரிகள் உண்டு. சொன்ன வார்த்தைக்காகவே தேடி வந்த வீட்டுக்காரர்களும் உண்டு. அதனால், "டோக்கன் உங்களுக்கு, கடை என் இஷ்டம், பட்டியலில் பெயர் எழுதாத பக்கெட் உள்ளே வரக் கூடாது" என்று பெயிண்டரிடம் முகத்துக்கு நேராகப் பேசிவிடுங்கள். கம்பெனி பெயர் மட்டும் எழுதினால் போதாது. ஒரே கம்பெனியில் மலிவு எமல்ஷனும் உண்டு, அதைப் போல இரண்டு மடங்கு விலையுள்ளதும் உண்டு. டப்பா மேல் இருக்கிற முழுப் பெயரையும் எழுதுங்கள்.

கேள்வி: நான் இருபது வருடமாக மேஸ்திரி வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் "சரக்கு நாங்க வாங்கிக்கிறோம், நீங்க கூலி மட்டும் சொல்லுங்க" என்கிறார்கள். சொன்ன நாளில் சரக்கு வராது. பூச்சுக்கு பி-சாண்ட் (கல்லை அரைத்த நைஸ் மணல்) கேட்டால் எம்-சாண்ட் (கான்கிரீட்டுக்கு அரைத்த பருமணல்) வந்து இறங்கும். திருப்பி மாற்றுவதற்குள் பாதி நாள் போய்விடும். என் ஆட்கள் சும்மா உட்கார்ந்தாலும் அவர்களுக்கு நான் கூலி கொடுக்க வேண்டும். பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர் பக்கமே பேசுகிறீர்கள்.
– மேஸ்திரி, கொருக்குப்பேட்டை

பதில்: நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் பக்கத்தைப் படிக்கிற வீட்டுக்காரர்கள் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

ஒரு மேஸ்திரி காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மூலக்கடை வரை போய், விலை கேட்டு, சரக்கைப் பார்த்து, ஏற்றி, இறக்கி, எண்ணி வைப்பது ஒரு வேலை. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. கொடுக்காத அந்தக் கூலிதான் சிமெண்ட் மூட்டையில் 40 ரூபாயாகவும், மணலில் பத்து கன அடியாகவும் போய் ஒளிந்துகொள்கிறது. கூலியை அடித்துப் பேசிக் குறைத்துவிட்டு, சரக்கில் ஏமாற்றுகிறான் என்று புலம்புகிறவர்களை நான் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடித்துப் பேசிக் குறைத்த ஐநூறு ரூபாய் இன்னொரு வழியாக ஆயிரமாகக் கிளம்பிப் போகும். எந்தப் பட்டியலும் அதைத் தடுக்காது. முதலில் ஒழுங்கான கூலியைப் பேச வேண்டும். அலைச்சலுக்கு என்று தனியாக ஒரு தொகை வைக்க வேண்டும். அதன் பிறகு சரக்கில் ஒரு ரூபாய்கூட வைக்கக் கூடாது என்று கேட்கிற உரிமை வீட்டுக்காரருக்கு வருகிறது.

நீங்கள் செய்யவேண்டியது என்னவென்றால், வேலை பேசும் அன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்: "சரக்கு நீங்க வாங்குங்க, பட்டியல் நான் முந்தின நாள் சாயங்காலம் எழுதித் தர்றேன். காலையில ஒன்பது மணிக்குள்ள வரலேன்னா ஆள் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி உண்டு." இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பட்டியலில் 'மணல்' என்று மட்டும் எழுதினால் கடைக்காரன் கையில் இருப்பதைத்தான் ஏற்றுவான். 'பூச்சுக்கு பி-சாண்ட், 20 கன அடி' என்று எழுதுங்கள். ஆற்று மணல் விலைக்கு எம்-சாண்ட் இறங்குகிற தகராறும் அதில் அடங்கிவிடும். சிமெண்ட் மூட்டையில் அச்சடித்த வாரத்தைப் பாருங்கள். கடையில் மூன்று மாதம் கிடந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், நம் ஊர் ஈரக் காற்றில் அது வேகமாக வலுவிழக்கும்.

சரக்கு மிஞ்சினால் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். உடைக்காத மூட்டை, உடைக்காத டைல்ஸ் பெட்டி இவற்றைக் கடையில் திருப்பிப் போடலாம் என்று வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கினால் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. பிரித்த டைல்ஸில் நாலைந்தை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

இன்னொன்று. ஐப்பசி பிறந்து மழை தொடங்கின பிறகு கூப்பிடுகிற வீட்டுக்காரரிடம் நீங்கள் நல்ல விலையே பேச முடியாது, அவரும் பேச முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பட்டியல்கூட இல்லாமல் கையில் கிடைத்ததை வாங்கிப் போனார்கள். அந்த அவசரத்தில் செய்த வேலை நிலைக்காது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வாடிக்கை வீட்டுக்காரர்களுக்கு ஆனி, ஆடியிலேயே போன் பண்ணி, மொட்டை மாடியை வந்து பார்க்கட்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டு ரிப்பேருக்கு ஜி.எஸ்.டி. பில் வாங்கினால் வருமான வரியில் கழிக்கலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். அதற்காகக் கூடுதலாகக் கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்தக் காரணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். வீட்டு வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்த மிச்சத்தில் 30 சதவீதத்தை அப்படியே விட்டுக்கொடுக்கிறார்கள். ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவு செய்யாவிட்டாலும் 30 சதவீதம்தான், லட்ச ரூபாய் செலவு செய்தாலும் 30 சதவீதம்தான். ரிப்பேர் பில்லைத் தனியாகக் காட்ட முடியாது.

ஆனாலும் கடையிலிருந்து சரியான பில் கட்டாயம் வாங்குங்கள். வாட்டர்புரூஃபிங் கெமிக்கல், மோட்டார், பைப்பு இவற்றில் கம்பெனி வாரண்டி கேட்கப் போனால் முதலில் கேட்பது பில்தான். கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிற அந்த வழவழப்பான பில் ஒரு கோடையிலேயே மங்கிவிடும். வாங்கின அன்றைக்கே போனில் படம் எடுத்து, வீட்டு முகவரியைப் பெயராகப் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.